கறை பிடிவாதமானது, கூடுதல் நாள் தேவை

சலவைக்கடைக்காரனை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பளிச்’ என்றால் போதும், திரும்பிப் பார்ப்பான். ஐம்பத்தொரு வயது ஆளை அவன் இவன் என்கிறேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். அவனுடைய அக்கா அப்படித்தான் சொல்கிறாள்; அந்தக் கடையில் அக்கா வைத்ததுதான் சட்டம்.

கடை என்றால் முன்னால் ஒரு கவுண்ட்டர், பின்னால் ஒரு நீள மேசை, இஸ்திரிப் பெட்டி, இரண்டு தொட்டி, சுவரோடு ஒரு மர அலமாரி. அலமாரியில் நாற்பத்திரண்டு பாட்டில்கள். வினிகர், அமோனியா, எலுமிச்சை உப்பு, ஸ்பிரிட், சலவைச் சோடா என்று ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கறைக்கு எமன். கவுண்ட்டரில் அக்கா, மேசையில் தம்பி. அப்பா கண்ணை மூடியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, இவனுக்குப் பன்னிரண்டு. அன்றைக்கு கவுண்ட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள் முப்பத்தொன்பது வருஷமாக எழுந்திருக்கவில்லை.

பளிச்சிடம் கறையைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. ஒரு அம்மாள் சட்டையைக் கொண்டுவந்து, “காப்பி கொட்டிடுச்சுங்க” என்பாள். இவன் மூக்கருகே கொண்டுபோவான். “காப்பி இல்லம்மா, இருமல் மருந்து. ரெண்டு நாள் ஆயிருக்கு. வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?” என்பான். ஒருமுறை ஒருவர் மனைவியோடு வந்து, காலரில் தக்காளி சாஸ் பட்டுவிட்டது என்றார். பளிச் பாவம், உதட்டுச்சாயம் என்று உரக்கச் சொன்னதோடு நில்லாமல், இது கொஞ்சம் விலை உயர்ந்த ரகம் என்றும் பாராட்டினான். கவுண்ட்டருக்கு அடியில் அக்கா அவன் தொடையைக் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது. அந்தக் கன்றலை மட்டும் அவனால் எடுக்க முடியவில்லை.

அவன் மேசைக்கு வந்த புதிதில் அக்கா ஒரு சீட்டுப் புத்தகம் அச்சடித்துக்கொண்டு வந்தாள். நூறு சீட்டு. ஒவ்வொன்றிலும், ‘கறை பிடிவாதமானது, கூடுதல் நாள் தேவை’ என்ற வரி, கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு. எல்லாச் சலவைக்கடையிலும் இருப்பதுதான். ஆனால் பளிச்சுக்கு அது ரோஷமாகிவிட்டது. முப்பத்தொரு வருஷத்தில் அதிலிருந்து ஒரு சீட்டைக்கூட அவன் கிழிக்கவில்லை. சொன்ன நாளில் துணி, துணியில் கறை இல்லை. நூறு சீட்டும் நூறாகவே பழுப்பேறிக் கிடந்தன.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு சவால் வந்தது. நாலு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், ஒரு வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பையில் பேனா மை. எடுத்துக் கொடுத்தான். அடுத்த வியாழன் அதே சட்டை, அதே பை, பழைய இயந்திர எண்ணெய். அதற்கடுத்து மாதுளஞ்சாறு. பிறகு மெழுகு, ஷூ பாலிஷ், மஞ்சள் பெயின்ட். ஒரு வாரம் துருவின் மேல் டீயை ஊற்றிக் கொண்டுவந்தார். கன்னங்கரேலென்று பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க இவனைச் சாப்பிட விடவில்லை. பதினோரு மாதம், வாரம் தவறாமல் இப்படி நடந்தது. பளிச்சுக்குத் தலைகால் புரியவில்லை. “அக்கா, மனுஷன் சும்மா சொல்லக்கூடாது, கறையில ஒரு தரம் இருக்கு” என்று வியந்தான். ஒவ்வொரு கறைக்கும் ஊர் பேர் எல்லாம் சொன்னவனுக்கு, ஒரே சட்டையின் ஒரே பையில் எப்படி வியாழன்தோறும் தவறாமல் கறை படுகிறது என்று மட்டும் தோன்றவில்லை. சட்டையை வாங்கி ரசீது எழுதியது யார் என்றும் அவன் யோசிக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு வாடிக்கையாளரின் கால்சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டீஸ் கிடைத்தது. அதுவும் துணியோடு சேர்ந்து துவைந்துபோயிருந்தது. ‘வெயிலால் படம் எடுக்கலாம். சயனோடைப் அச்சுப் பயிற்சி. முன் அனுபவம் தேவையில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். நூலக மாடி.’ அதற்குக் கீழே இருந்த தொலைபேசி எண்ணைப் பளிச் சுத்தமாக எடுத்துவிட்டிருந்தான்.

“போலாம்டா” என்றாள் அக்கா.

“எதுக்கு? ஞாயித்துக்கிழம கொஞ்சம் ஓய்வு எடுக்கவேணாமா?”

“நீ ஓய்வு எடுக்கற லட்சணந்தான் தெரியுமே. போன ஞாயிறு பக்கத்து வீட்டுத் திரைச்சீலைய ஜன்னல் வழியா இழுத்துத் துவைச்சிருக்கே. அவங்க கேக்கவே இல்ல.”

அந்த ஞாயிறு இருவரும் போனார்கள்.

நூலக மாடியில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, ஒரு மஞ்சள் பல்பு மட்டும் எரியவிட்டிருந்தார்கள். பயிற்சி கொடுத்த டீச்சருக்கு முப்பது வயதிருக்கும். பத்து விரலிலும் நகக்கண் வரை நீலம். பளிச்சின் பார்வை அந்த விரல்களைவிட்டு இப்படி அப்படி நகரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். டீச்சர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டான்.

“பத்து நிமிஷம் கையக் குடும்மா, எடுத்துடறேன்.”

“வேணாம் சார். இது இருக்கட்டும்.”

இருக்கட்டும் என்று ஒரு கறையைப் பற்றி யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை. அக்காவைப் பார்த்தான். அக்கா அவனை உட்கார் என்று கண்ணாலேயே அடக்கினாள்.

வேலை எளிதுதான். இரண்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து, காகிதத்திலோ துணியிலோ பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். அதன்மேல் ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் நிறம் மாறும். பொருள் மறைத்த இடம் மாறாது. பிறகு வெறும் தண்ணீரில் அலசினால், மறைத்த இடத்து மருந்து மஞ்சளாகக் கரைந்துபோய் வெள்ளை தெரியும். வெயில் பட்ட இடம் நீலமாக நின்றுவிடும். மொத்தம் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் இலை, பூ, சாவி என்று வைத்தார்கள். ஒரு பல் டாக்டர் மட்டும் தன் நோயாளிகளின் எக்ஸ்ரே படங்களைக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். அச்சில் நீல நிறத்தில் தாடைகள் விழுந்தன. “பாருங்க, இவருக்குக் கடைவாய்ப் பல் எவ்வளவு அழகு” என்று ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார். யாருடைய தாடை என்று தெரியாமலே எல்லாரும் பாராட்டி வைத்தார்கள்.

பளிச் ஒரு துணிக் கிளிப்பை வைத்தான். அலசும் கட்டம் வந்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. “அட, துவைக்கிற வேலதானா!” என்று சட்டைக் கையைச் சுருட்டினான். மற்றவர்கள் இரண்டு முக்கு முக்கி எடுத்ததை இவன் பன்னிரண்டு தண்ணீர் மாற்றி அலசினான். கிளிப் பால்வெள்ளையாக, கம்பிச் சுருள் எண்ணிப் பார்க்கும்படி வந்திருந்தது. “சாருக்கு ரொம்ப நல்ல கை” என்று டீச்சர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். தொட்டியிலிருந்து எடுத்த துணி போட்டபோது இருந்ததைவிட நீலமாக இருக்கிறது, அதற்கு ஆட்கள் கைதட்டுகிறார்கள். பளிச்சுக்குப் பெருமையாகவும் இருந்தது, ஏதோ தப்புக்கு உடந்தையாக இருப்பதுபோலவும் இருந்தது.

“எல்லாரும் கேட்டுக்குங்க, வெறும் தண்ணிதான். சோப்பு, சோடா எதுவும் கூடாது” என்றாள் டீச்சர். பளிச் தலையாட்டினான். எல்லாரையும்விட வேகமாக ஆட்டினான்.

இரண்டாவது ஞாயிறு பெரிய வேலை. ஆளுக்கொரு போர்வை அளவுத் துணிக்கு டீச்சர் முன்கூட்டியே மருந்து பூசி, கறுப்புப் பையில் கொண்டுவந்திருந்தாள். மொட்டைமாடியில் துணியை விரித்து, ஆளே அதன்மேல் படுக்க வேண்டும். இருபது நிமிஷம் அசையக்கூடாது. உடம்பு விழுந்த இடம் வெள்ளையாக வரும். அக்காவும் தம்பியும் ஒரே துணியில் அக்கம்பக்கமாகப் படுத்துக்கொண்டார்கள். அக்கா ஏன் இதற்காகப் பறந்தாள் என்பது அப்போதும் பளிச்சுக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்திருக்கும் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஸ்டூடியோவுக்கு ஒரே ஒருமுறை போனார்கள். அங்கே மாட்டிக்கொள்ளக் கொடுத்த கோட்டின் கழுத்து அழுக்கைப் பார்த்துவிட்டு, பளிச் கோட்டோடு கிளம்பிக் கடைக்கு வந்துவிட்டான்.

வெயிலில் கண் கூசியது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

“நேரம் ஆரம்பம். அசையாதீங்க” என்றாள் டீச்சர்.

ஐந்து நிமிஷம் போனது.

“டேய்.”

“ம்.”

“ஒண்ணு சொல்லப்போறேன். அசையக்கூடாது.”

“சொல்லு.”

“நான் கல்யாணம் பண்ணிக்கப்போறேன்.”

பளிச் அசையவில்லை. அதாவது, அசையவில்லை என்றுதான் அவன் நினைத்தான்.

“யார?”

“கடிகாரக்காரர.”

“எந்தக் கடிகாரக்காரர்?”

“வியாழக்கிழம.”

“அந்த மாதுளஞ்சாறா!” என்றான்.

“ஆமா.”

“அவர் கறை எடுக்கத்தானே வந்தாரு?”

“பதினோரு மாசமாவா?”

“சார், பேசலாம், தாடைய மட்டும் ரொம்ப ஆட்டாதீங்க” என்று டீச்சர் குரல் கொடுத்தாள். தாடை என்றதும் பல் டாக்டர் அருகில் வந்து நின்றுகொண்டார். ஆள் நல்லவர்தான், ஆனால் போகச் சொல்லும்வரை போகாத ரகம்.

அக்கா மேலே பார்த்தபடியே மிச்சத்தையும் சொன்னாள். அவருக்கு வேறொரு ஊர் ரயில் நிலையத்தில் பெரிய கடிகாரத்தைக் கவனிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ரயிலில் மூன்று மணி நேரம். நாளைக்கு இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை காலை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, சாயங்காலம் ரயில்.

“உனக்கு எதுக்குக்கா இந்த வயசுல?”

“எந்த வயசுல பண்ணியிருக்கணும்? உன்ன ஒருத்திகிட்ட ஒப்படைச்சிட்டுப் பண்ணிக்கலாம்னு இருந்தேன். நீ வேணாம் வேணாம்னே.”

“உன்ன விட்டுட்டு நான் எப்படிப் பண்ணிக்கறது? உனக்காகத்தான் வேணாம்னேன்.”

“நான் உனக்காகத்தான் வேணாம்னேன்.”

“முப்பது வருஷமா?”

“முப்பது வருஷமா.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல!”

“நீ கேட்டிருக்கலாம்ல!”

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இத எதுக்கு இப்பச் சொல்றே?” என்றான் பளிச்.

“வேற எப்பச் சொன்னாலும் எழுந்து போயிடுவே. இப்ப எழுந்திரிச்சா படம் கெட்டுடும்.” அக்காவின் குரல் இறங்கியது. “இந்தத் துணிய நான் எடுத்துட்டுப் போறேன்டா. நம்ம ரெண்டு பேரும் இருக்கற மாதிரி எனக்கு வேற எதுவும் இல்ல. இது போதும்.”

பாக்கிப் பதினொரு நிமிஷமும் பளிச் அப்படியே கிடந்தான். கண்ணின் ஓரத்திலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கக் கை எடுக்க முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் இப்படி ஒரு ஆளை வெயிலில் கட்டிப்போட்டுக் கல்யாணச் சேதி சொல்வது அக்காவால் மட்டும்தான் முடியும்.

அலசியபோது துணி அற்புதமாக வந்தது. ஆழ்ந்த நீலத்துக்கு நடுவே இரண்டு வெள்ளை உருவங்கள். ஈரத்தோடு சுருட்டிக் கடைக்குக் கொண்டுவந்து பின்பக்கக் கொடியில் போட்டார்கள். டீச்சர் அன்று மாலையே அடுத்த ஊர்ப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள். மருந்தும் அவளோடு போய்விட்டது.

மறுநாள் திங்கள். அக்கா சூட்கேஸ் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். பளிச் தனியாக நீள மேசையில் நின்று யாருடைய சட்டையையோ தேய்த்தான். நிமிரும்போதெல்லாம் எதிரே அந்தத் துணி. அக்காவின் உருவத்தில், தோள் இருக்கும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் திட்டு தெரிந்தது. சரியாக அலசப்படாத மருந்து. சாதாரணமாகப் பார்த்தால் யார் கண்ணுக்கும் படாது. ஆனால் இவன் கண்ணுக்கா படாமல் போகும்? பார்க்கக்கூடாது என்று திரும்பி நின்றான். முதுகுக்குப் பின்னால் அந்தத் திட்டு இருப்பது உறுத்தியது. அக்கா புது ஊருக்குப் போய் இதை விரிப்பாள். அந்தக் கடிகாரக்காரர், பதினோரு மாதம் இவனோடு மோதித் தோற்ற மனுஷன், தோளில் மஞ்சளைப் பார்ப்பார். நினைக்கவே ஆகவில்லை.

ஒரு இடத்தை மட்டும் துடைத்தால் சுற்றி வளையம் விழும். எடுத்தால் துணி முழுவதையும் நனைத்துத்தான் எடுக்க வேண்டும். இது தொழிலின் பாலபாடம். தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கை சலவைச் சோடா. கை தானாகவே போட்டது. கையா போட்டது, அல்லது மனசுக்குள் ஏதாவது கறுவிக்கொண்டு போட்டதா என்று பிறகு அவனே பலமுறை கேட்டுக்கொண்டான். அவனுக்கே தெரியவில்லை, நான் என்ன சொல்ல?

திட்டு போனது. கூடவே நீலமும் போனது. மூன்று எண்ணுவதற்குள், ஓரத்திலிருந்து நடுவரைக்கும், அத்தனை நீலமும் வெளிறிக் காணாமல் போனது. வெட்கக்கேடான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும்: பளிச்சுக்கு முதலில் வந்தது சந்தோஷம். “போச்சு!” என்று வாய்விட்டுச் சொன்னான், முப்பத்தொரு வருஷமாக ஒவ்வொரு கறைக்கும் சொல்வதைப் போலவே. அப்புறம்தான் போனது என்னவென்று அவனுக்கு உறைத்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பத்திரண்டு பாட்டிலையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எல்லாம் எடுக்கத் தெரிந்த பாட்டில்கள். திருப்பி வைக்கத் தெரிந்தது ஒன்றுகூட இல்லை. நோட்டீஸைத் தேடி எடுத்தான். தொலைபேசி எண் இருந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தன் கைவேலையை அவனே முதல்முறையாகத் திட்டினான்.

துணியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். வெள்ளை அல்ல. நீலம் இருந்த இடத்தில் மிக மெல்லிய மஞ்சள் ஏதோ இருந்தது. மூக்கருகே கொண்டுபோனான். நாக்கு நுனியில் வைத்தான். துரு! துருவேதான். அவன் நீலத்தைக் கொன்றிருந்தாலும் அதற்குள்ளிருந்த இரும்பு இன்னும் துணியில்தான் இருந்தது. துருவின் மேல் டீயை ஊற்றினால் கன்னங்கரேலென்று பிடிக்கும் என்று காட்டி, ஒரு வியாழக்கிழமை தன்னைப் பட்டினி போட்ட சட்டை ஒன்று அவன் நினைவுக்கு வந்தது.

கடையைப் பூட்டக்கூட மறந்து நாலு தெருவும் ஓடினான்.

கடிகாரக்காரர் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். வாசலில் ஈரக் கையும் சிவந்த கண்ணுமாக மூச்சுவாங்கும் வருங்கால மைத்துனனைப் பார்த்ததும், பக்கத்திலிருந்த சுவர்க்கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

“தம்பி, எதுவா இருந்தாலும் உக்காந்து பேசலாம்...”

“அந்தக் கறுப்பு எப்படிப் பண்ணினீங்க?”

“எந்தக் கறுப்பு?”

“துருவும் டீயும்! என்ன அளவு? எவ்வளவு நேரம்?”

அடிக்க வரவில்லை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். “எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்” என்றார் கூச்சத்தோடு.

பளிச் புரட்டினான். பொடி எழுத்தில், வியாழன் வியாழனாக எழுதியிருந்தது.

‘மை, இரண்டு சொட்டு. ரசீது எழுதினார்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை.’

‘எண்ணெய். “மறுபடியுமா?” என்றார்கள்.’

‘மாதுளை, அரைப் பழம். சிரித்தார்கள்.’

‘மெழுகு. தம்பி சாப்பிட்டாரா என்று உள்ளே பார்த்துக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்கள்.’

‘பெயின்ட். தம்பிக்குக் காய்ச்சல் என்று கவலையாக இருந்தார்கள். கறையைப் பற்றிப் பேசவில்லை.’

‘துரு, அதன்மேல் கொதித்து ஆறிய கெட்டி டீ, ஒரு மணி நேரம். தம்பியைப் பட்டினி போட்டுவிட்டேன் என்று திட்டினார்கள். இனி இது வேண்டாம்.’

பளிச் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். பதினோரு மாதமாக இரண்டு பேர் பழகியிருக்கிறார்கள். அதில் பாதிப் பேச்சு இவனைப் பற்றி. திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. நோட்டை மூடினான்.

“வீட்ல டீத்தூள் எவ்வளவு இருக்கு மாமா?”

மாமா என்ற சொல்லைக் கேட்டு அவர் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது.

அக்கா சிவப்புச் சூட்கேஸோடு கடைக்குத் திரும்பியபோது, பூட்டாத கடைக்குள் இரண்டு ஆண்கள் பெரிய தொட்டிக்கு இரண்டு பக்கமும் குந்தியிருந்தார்கள். அண்டா நிறையக் காய்ச்சி ஆறவைத்த டீ. தெருவிலிருந்த டீத்தூள் எல்லாம் அதற்குள் இருந்தது.

“என்னடா பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அக்கா தொட்டியை எட்டிப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். மறுபடியும் தொட்டியைப் பார்த்தாள்.

“அக்கா, துவைச்சிட்டேன்” என்றான் பளிச்.

அவள் திட்டவில்லை. சூட்கேஸைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா அழுது அவன் பார்த்தது அப்பா போன அன்று மட்டும்தான். இப்போது இரண்டாவது தடவை. “ஒரே ஒரு துணிடா” என்றாள். “ஒரே ஒரு துணிய விட்டு வைக்கக்கூடாதா?” அவனுக்குத் தொட்டிக்குள்ளேயே தலையைக் கவிழ்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“கொஞ்சம் இங்க பாருங்க” என்றார் கடிகாரக்காரர் மெதுவாக.

டீக்குள் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. முதலில் ஓரங்களில் பழுப்பு, பிறகு சாம்பல், பிறகு மையைப் போன்ற கருமை. நீலம் இருந்த இடமெல்லாம் ஒவ்வொரு அங்குலமாகக் கறுத்தது. நடுவில் இரண்டு உருவங்கள் காய்ச்சிய பாலின் நிறத்தில் தெளிந்து வந்தன. அக்காவின் தலை, அவளுடைய தோள், பக்கத்தில் இவனுடைய தொப்பை. ஒரு மணி நேரம் மூவரும் தொட்டியைவிட்டு நகரவில்லை. வாசலில் துணி வாங்க வந்த இருவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அலசித் தூக்கிப் பிடித்தபோது அக்கா கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். இரண்டு உருவங்களுக்கும் நடுவில் ஒரு கை மட்டும் கலங்கியிருந்தது. விரல்களை எண்ணினால் ஏழெட்டு வரும். அந்த விரல்கள் அக்காவின் மணிக்கட்டை நோக்கிப் போயிருந்தன.

“அசையலன்னியே.”

“அசையலன்னுதான் நெனச்சேன்.”

“எப்ப அசைஞ்சே?”

“நீ சொன்னப்போ.” அதற்குமேல் அடக்க முடியவில்லை. “போகாதேன்னு சொல்லணும்னு இருந்துச்சுக்கா. பயமா இருக்கு. நீ இல்லாம இந்தக் கடைல நான் என்ன பண்ணுவேன்?”

“ரசீது எழுதக் கத்துக்கோ” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அந்தக் கலங்கிய கையின்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளங்கை முழுக்க டீ.

அடுத்த திங்கட்கிழமை கையெழுத்தும் ரயிலும் ஆயின. பல் டாக்டர் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தார். மணமக்களுக்கு யாருடையதோ நீலத் தாடை ஒன்றைச் சட்டம் போட்டுப் பரிசளித்தார். துணி சிவப்புச் சூட்கேஸில் மேலாக மடித்து வைக்கப்பட்டுப் போயிற்று.

செவ்வாயும் புதனும் பளிச் கவுண்ட்டருக்கும் மேசைக்கும் நடுவில் மாறி மாறி ஓடினான். ரசீதில் தேதி போட வேண்டிய இடத்தில் கறையின் பெயரை எழுதினான். மத்தியானம் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்காததால் இரண்டு நாளும் சாப்பிட மறந்தான்.

வியாழக்கிழமை காலை கவுண்ட்டரில் யாரோ மணியடித்தார்கள். வந்து பார்த்தால் அக்கா. அந்தப் பக்கம், வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்றாள். அந்தக் கவுண்ட்டரை அந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்ப்பது முப்பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல்முறை. கையில் அந்த வெள்ளைச் சட்டை. பையில் சிவப்பாக ஒரு கறை.

“என்னன்னு தெரியல. எடுக்க முடியுமான்னு பாரேன்” என்றாள்.

பளிச் சட்டையை வாங்கினான். மூக்கருகே கொண்டுபோகவே தேவையில்லை. பழ ஜாம். இன்று காலை, ரயிலில், கரண்டியால் வைத்துப் பூசியது. பச்சைத் தண்ணீரைக் காட்டினாலே ஓடிவிடும். இது அவளுக்கும் தெரியும்.

அவன் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். கவுண்ட்டருக்கு அடியில் கையைவிட்டு, பழுப்பேறிய அந்தச் சீட்டுப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினான். முதல் சீட்டைக் கிழித்தான். கோட்டின் மேல் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினான்.

அக்கா அதைப் படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“எப்ப வரட்டும்?”

“அடுத்த வியாழன் வா” என்றான் பளிச். “இன்னும் தொண்ணூத்தொம்பது சீட்டு இருக்கு.”